டோக்கனும் ஓடிபியும்: குன்னத்தூர் வட்டாரத்தில் தடுப்பூசிக்கு வந்த அழைப்பு

1. கேள்வி

2021 ஏப்ரலில் திருப்பூர் மாவட்டத்துக் கிராமப்புற ஆரம்ப சுகாதார நிலையங்களில் கொரோனா தடுப்பூசி இருந்தது. போட்டுக்கொள்ள வந்தவர்கள் குறைவு. ஜூன் மாதம் அதே வாசல்களில் விடியும் முன்பே வரிசை நின்றது, ஊசி இல்லை. இடைப்பட்ட வாரங்களில் மக்கள் மனம் மாறிவிட்டது என்பதே இதற்கு வழக்கமாகச் சொல்லப்படும் விளக்கம். ஏப்ரல் 15 அன்று சென்னை ஓமந்தூரார் அரசு மருத்துவமனையில் தடுப்பூசி போட்டுக்கொண்ட நடிகர் விவேக் மறுநாள் மயங்கி விழுந்தார், 17ஆம் தேதி இறந்தார். அந்த மரணத்துக்கும் ஊசிக்கும் தொடர்பில்லை என்று தேசிய ஆய்வுக் குழு சொன்னபோது அக்டோபர் வந்துவிட்டது. அதற்குள் இரண்டாம் அலை பார்த்த கண்களுக்கு ஊசி மீதான பயத்தைவிட நோய் மீதான பயம் பெரிதாகிவிட்டது. தயக்கம் போய்த் தவிப்பு வந்தது என்று கதை முடிகிறது.

விளக்கம் பொய்யில்லை. ஆனால் நடந்தவை அத்தனையையும் அது நோயாளியின் தலைக்குள் கொண்டுபோய் வைத்துவிடுகிறது. போட்டுக்கொள்ளாதவர் தயங்கினார், போட்டுக்கொண்டவர் தெளிந்தார் என்று கணக்கு இரண்டே பத்தியில் தீர்ந்துவிடுகிறது. போட்டுக்கொள்ள வந்து, முடியாமல் திரும்பிப் போனவர் இதில் எந்தப் பத்தியில் வருவார்?

தடுப்பூசி அனுபவம் பற்றி நம்மிடம் உள்ள எழுத்துகள் பெரும்பாலும் இரண்டு தடங்களில் செல்கின்றன. ஒன்று தயக்கத்தைப் பற்றியது. வதந்தி, வாட்ஸ்அப், விழிப்புணர்வு இவையே அதன் சொற்கள். மற்றது கைப்பேசியும் இணையமும் இல்லாதவர் விடுபட்டதைப் பற்றியது. இரண்டாவது தடம் முதலாவதைவிட நேர்மையானது. ஆனாலும் இணையப் பதிவை நீக்கிவிட்டால் சிக்கல் தீரும் என்ற நம்பிக்கை அதற்குள் இருக்கிறது. குன்னத்தூர் வட்டாரத்தில் இணையப் பதிவு பெரும்பாலும் நீங்கித்தான் இருந்தது. அதன் இடத்தில் வந்தது டோக்கன். ஆகவே இக்கட்டுரை கேட்கும் கேள்வி இது: மக்களை ஊசிக்கு யார் அழைத்தார்கள், எந்த நேரத்துக்கு அழைத்தார்கள், இடம் பிடிக்க என்ன செய்ய வேண்டியிருந்தது, பிடிக்க முடியாதவர் எங்கே பதிவானார்?

2. ஊரும் நேரமும்

குன்னத்தூர் ஊத்துக்குளி வட்டத்துப் பேரூராட்சி. திருப்பூரிலிருந்து பெருமாநல்லூர் வழியாகக் கோபி செல்லும் சாலையில் இருக்கிறது. 2009இல் திருப்பூர் மாவட்டம் உருவாகும்வரை ஈரோடு மாவட்டத்தோடு இருந்த பகுதி. தோட்டங்காடு, மாடு, சந்தை, விசைத்தறி என்று ஒரு வாழ்க்கை. காலையில் வந்து ஆள் ஏற்றிக்கொண்டு போகும் பனியன் கம்பெனி வேன்கள் என்று இன்னொரு வாழ்க்கை. இரண்டும் ஒரே வீட்டுக்குள் நடக்கும். மாமியார் மாட்டோடும் மருமகள் ஓவர்லாக் மிஷினோடும் நாளைக் கழிப்பார்கள்.

நேரக் கணக்கு இங்கே முக்கியம். பனியன் கம்பெனியில் ஒன்றரை ஷிப்ட் என்றால் காலை எட்டரைக்கு உட்கார்ந்து இரவு எட்டரைக்கு எழுவது. சம்பளம் ஷிப்ட் கணக்கு அல்லது பீஸ் ரேட், பட்டுவாடா சனிக்கிழமை. ஆரம்ப சுகாதார நிலையம் ஊசி போடும் நேரம் முழுக்க இந்த ஷிப்டுக்குள் விழுந்துவிடுகிறது. செக்கிங்கிலோ பேட்லாக்கிலோ இருக்கும் பெண் ஒருவர் பகல் பதினோரு மணிக்குச் சுகாதார நிலையத்தில் நின்றால், அன்றைய சம்பளத்தில் பாதியாவது போயிருக்கும். மறுநாள் காய்ச்சல் வந்தால் அந்த நாளும் போகும். இதைக் கணக்குப் பார்த்துத் தள்ளிப்போட்டவரை ‘தயங்கியவர்’ என்று எழுதிக்கொள்வது எளிது.

கைப்பேசியும் அப்படித்தான். 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி தமிழகப் பெண்களில் நான்கில் மூவர் தமக்கென்று கைப்பேசி வைத்திருந்தார்கள். எப்போதாவது இணையத்தைப் பயன்படுத்தியிருந்தவர்கள் பாதிக்கும் சற்றுக் குறைவு. ஊரடங்குக் காலத்தில் வீட்டிலிருந்த ஒரே ஸ்மார்ட்போன் பிள்ளையின் ஆன்லைன் வகுப்புக்குப் போய்விட்டது.

ஏப்ரல் மாதத்து வெறிச்சோடிய முகாமில் நடந்த ஒன்றையும் இங்கே சொல்ல வேண்டும். கோவிஷீல்டு ஒரு குப்பியில் 10 டோஸ். திறந்தால் 4 மணி நேரத்துக்குள் தீர்க்க வேண்டும். வீணாக்கினால் மேலிடம் கேள்வி கேட்கும். ஆகவே மூன்று பேர் வந்தால் நர்ஸம்மா குப்பியைத் திறக்கமாட்டார். “இன்னும் ஆளு சேரட்டுங்க” என்பார். வந்த மூவர் அரை மணி பார்த்துவிட்டுக் கிளம்பிவிடுவார்கள். ஆள் வராததால் ஊசி இல்லை, ஊசி போடாததால் ஆள் இல்லை. தயக்கத்தின் மாதம் என்று நாம் சொல்லும் ஏப்ரலிலேயே வந்து திரும்பியவர்கள் இருந்தார்கள்.

3. இணையதளம் எதிர்பார்த்த மனிதர்

18 முதல் 44 வயதுக்காரர்களுக்கான பதிவு மத்திய அரசின் தடுப்பூசித் தளமான கோவினில் 2021 ஏப்ரல் 28 மாலை 4 மணிக்குத் திறந்தது. முதல் நாளே 1 கோடிக்கும் மேற்பட்டோர் பதிந்தார்கள். மே 1 முதல் ஊசி என்று அறிவிப்பு. தமிழகத்தில் அந்தத் தேதிக்கு இந்த வயதினருக்குப் போட மருந்தே வரவில்லை. பதிவு என்பதும் இடம் என்பதும் வேறு வேறு என்று பலருக்குத் தெரிந்தது அப்போதுதான். பெயர் பதிந்தால் ஒரு எண் வரும். ஸ்லாட் கிடைக்க வேண்டுமானால் தளத்தையே பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். திறந்த நிமிடத்தில் படத்திலுள்ள எழுத்துகளை அடித்து, ஓடிபி வாங்கி, முந்த வேண்டும். ஸ்லாட் திறந்தால் தகவல் தரும் கருவிகளை நிரலாளர்கள் எழுதினார்கள். சென்னைக்காரர் ஒருவர் உருவாக்கிய ‘அண்டர்45’ தளமும் டெலிகிராம் குழுக்களும் அவற்றில் பெயர் பெற்றவை. நகரத்து இளைஞர்கள் அவற்றைப் பிடித்துக்கொண்டு ஐம்பது கிலோமீட்டர் தள்ளியிருந்த கிராமத்துச் சுகாதார நிலையத்தில் இடம் போட்டுக் காரில் போய் ஊசி போட்டுக்கொண்டார்கள் என்பது அந்த மே மாதம் இந்தியா முழுக்கக் கேட்ட கதை.

தளம் தொடக்கத்தில் ஆங்கிலம் மட்டுமே பேசியது. 2021 ஜூன் தொடக்கத்தில் இந்தியும் பல மாநில மொழிகளும் சேர்ந்தபோது முதல் பட்டியலில் தமிழ் இல்லை. தமிழகத்தில் எதிர்ப்பு கிளம்பிய பிறகே சேர்ந்தது. அப்போதும் பெரிதாக எதுவும் மாறவில்லை என்பது என் கணிப்பு. தமிழில் படிக்கத் தெரிந்த டெய்லருக்கும், பனியன் வேலைக்கு வந்த, தமிழே தெரியாத ஒடிசாக்காரருக்கும் அங்கே தடை மொழி மட்டுமாக இருக்கவில்லை; நாள் முழுக்கத் திரையைப் பார்த்துக்கொண்டிருக்கும் ஓய்வுதான் அந்தத் தளம் கேட்ட விலை.

உச்ச நீதிமன்றம் தானாக முன்வந்து எடுத்த வழக்கில் நீதிபதிகள் சந்திரசூட், நாகேஸ்வர ராவ், ரவீந்திர பட் ஆகியோர் அமர்வு 2021 மே 31 தேதியிட்ட உத்தரவில் இதைத் தொட்டது. இணைய வசதி இல்லாதவர்கள் நண்பர், உறவினர், பொதுச் சேவை மையம் இவற்றின் உதவியைப் பெறலாம் என்பது மத்திய அரசின் பதில். நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. அதற்கு ஒரு வாரம் முன்பே, மே 24 முதல், 18-44 வயதினருக்கும் அரசு மையங்களில் நேரில் வந்து பதியும் வசதி அனுமதிக்கப்பட்டிருந்தது. ஜூன் 15 அன்று மத்திய சுகாதார அமைச்சகம் ஒரு விளக்கம் தந்தது: ஜூன் 13 வரை கோவினில் ஏறிய 24.84 கோடி டோஸ்களில் 19.84 கோடி, அதாவது ஏறத்தாழ 80 சதவீதம், முன்பதிவின்றி நேரில் வந்தவர்களுக்குப் போடப்பட்டவை. ஆகவே முன்பதிவு யாருக்கும் தடையாக இருக்கவில்லை என்பது அதன் வாதம்.

இந்த 80 சதவீதத்தின் மீதுதான் எனக்கு ஐயம். எண்ணில் தவறில்லை, அது எதை ‘நேரில் வந்தவர்’ என்கிறது என்பதே கேள்வி. இரவு இரண்டு மணிக்குச் செருப்பை வரிசையில் போட்டு இடம் பிடித்து, ஏழு மணிக்கு டோக்கன் வாங்கி, பத்து மணிக்கு ஊசி போட்டுக்கொண்டவரும் அந்தக் கணக்கில் ‘முன்பதிவின்றி’ வந்தவரே.

4. கம்பெனி வழியே வந்த அழைப்பு

தமிழகத்தில் 18-44 வயதினருக்கான ஊசித் திட்டம் தொடங்கியதே திருப்பூரில்தான் என்பது இப்போது பலருக்கு நினைவில்லை. 2021 மே 20 அன்று முதல்வர் மு.க. ஸ்டாலின் பெருமாநல்லூர்ப் பக்கம் இருக்கும் நேதாஜி ஆயத்த ஆடைப் பூங்காவில் அதைத் தொடங்கிவைத்தார். யாருக்கு முதலில் என்று மாநில அரசு வரிசைப்படுத்தியிருந்தது: பத்திரிகை, பால் விநியோகிப்பவர்கள், ஆட்டோ ஓட்டுநர்கள், கட்டுமானத் தொழிலாளர்கள், வெளிமாநிலத் தொழிலாளர்கள், தொழிற்சாலைத் தொழிலாளர்கள் என்று. அந்த வரிசையில் பனியன் தொழிலாளிக்கு இடம் இருந்தது. இணையம் தராத இடத்தை மாநில அரசு தந்தது. இதைக் குறைத்துச் சொல்லக் கூடாது.

ஆனால் அந்த அழைப்பு வந்து சேர்ந்த வழியைப் பார்க்க வேண்டும். தொழிலாளியை நேரடியாக யாரும் அழைக்கவில்லை. கம்பெனி பட்டியல் தரும், சுகாதாரத் துறை நாள் தரும், சூப்பர்வைசர் லைனில் வந்து பெயர் வாசிப்பார். பெரிய ஏற்றுமதி நிறுவனத்தில் இது ஒழுங்காக நடந்தது. ஷிப்டுக்குள்ளேயே ஊசி, அரை மணி உட்கார இடம், காய்ச்சல் மாத்திரை. அழைப்பும் நேரமும் இடமும் ஒன்றாகச் சேர்ந்த அரிய தருணம் அது. பனியன் வட்டாரத்தில் தடுப்பூசி எளிதாகக் கிடைத்தவர்கள் என்று ஒரு பிரிவைச் சொல்ல வேண்டுமானால் இவர்களைத்தான் சொல்ல வேண்டும்.

குன்னத்தூர் போன்ற ஊரில் எல்லாரும் அந்தப் பட்டியலில் வரமாட்டார்கள். பத்து மிஷின் போட்டு ஜாப் ஒர்க் செய்யும் பவர்டேபிள் யூனிட்டுக்குப் பட்டியல் கேட்டு யாரும் வருவதில்லை. வீட்டில் உட்கார்ந்து பிசிறு வெட்டும், கைமடிக்கும் பெண்கள் எந்தக் கம்பெனியின் ஆட்களும் இல்லை. கான்ட்ராக்டர் மூலம் வந்தவர்கள் இந்த மாதம் ஒரு கம்பெனி, அடுத்த மாதம் இன்னொன்று. தொழில் சங்கிலியில் கீழே போகப் போக அழைப்பும் மெலிந்துகொண்டே போனது.

பெயர் ஏறியவர்களுக்கும் பின்னால் ஒரு சிக்கல் காத்திருந்தது. அப்போது கோவினில் ஒரு கைப்பேசி எண்ணில் 4 பேர்வரைதான் பதிய முடிந்தது. எண் மனப்பாடம் இல்லாதவர், போன் ஊரில் இருப்பவர், சிம் மாற்றியவர் என்று பலருக்கு அருகில் நின்றவர் எண்ணைக் கொடுத்துப் பதிந்தார்கள். அவசரத்துக்கு அது சரி. இரண்டாம் டோஸ் நினைவூட்டல் அந்த எண்ணுக்குத்தான் போகும். சான்றிதழ் எடுக்கும் ஓடிபியும் அங்கேதான் போகும். அந்த எண்ணுக்குரியவர் வேலையை விட்டு ஊருக்குப் போயிருந்தால், அழைப்பு ஒடிசாவில் ஏதோ ஒரு பாக்கெட்டில் ஒலித்துக்கொண்டிருக்கும்.

5. டோக்கன்

தளர்வில்லாத ஊரடங்கு மே 24இல் தொடங்கியது. ஜூன் மாதம் மற்ற மாவட்டங்களுக்குத் தளர்வு வந்தபோதும், தொற்று குறையாத 11 மாவட்டங்களில் ஒன்றாகத் திருப்பூர் இறுக்கத்திலேயே இருந்தது. பேருந்து ஓடியது ஜூலை 5இல்தான். இதன் விளைவு விநோதமானது. வருடம் முழுக்க நேரமே இல்லாத மக்களுக்கு முதல் முறையாக நேரம் கிடைத்தது. சுகாதார நிலையத்துக்குப் போக வண்டி இல்லை. வண்டி இருந்தவர் வரிசையில் முந்தினார். சுற்றுவட்டத்துக் காட்டுக்குள் இருக்கும் தோட்டத்து வீடுகளிலிருந்து வர வேண்டிய வயதானவர்கள், மகனோ பேரனோ டூ வீலரில் கொண்டுவந்து விட்டால்தான் உண்டு. கம்பெனிகள் மெல்லத் திறக்கத் தொடங்கியதும் ‘ஊசி போட்டாச்சா’ என்ற கேள்வி கேட்டில் வந்து நின்றது. தேவை எல்லாப் பக்கத்திலிருந்தும் ஒரே வாரத்தில் ஏறியது. மாநிலத்துக்கு வரும் மருந்தோ விட்டு விட்டு வந்தது. தமிழக அரசு 3.5 கோடி டோஸுக்குக் கோரிய உலகளாவிய டெண்டருக்கு ஒருவர்கூட விண்ணப்பிக்கவில்லை.

இந்த இடைவெளியை நிரப்பியதுதான் டோக்கன். கையளவு தாள், ஒரு எண், ஒரு முத்திரை. சில இடங்களில் அதுவும் இல்லாமல் வெள்ளைத் தாளில் பேனாவால் எழுதிய எண் மட்டும். மருந்து நூறு வந்தால் நூறு டோக்கன். அதில் முன்களப் பணியாளருக்கு, இரண்டாம் டோஸுக்கு என்று ஒதுக்கியது போக மீதி. எத்தனை வருகிறது என்பது முந்தைய இரவுவரை சுகாதார நிலையத்துக்கே தெரியாது. அதனால் அழைப்பு என்பது விசாரணையாக மாறியது. தெரிந்தவர் எல்லாம் கிராம சுகாதார செவிலியரின் எண்ணை அழைத்தார்கள்.

“ஏனுங்க நர்ஸம்மா, ஊசி வந்துருச்சுங்களா?”

“இன்னும் வரலீங்க. வந்தாச் சொல்லி அனுப்பறனுங்க.”

சொல்லி அனுப்புவது யாருக்கு என்பதில்தான் எல்லாம் இருந்தது. செவிலியர் தன் பகுதியில் உயர் ரத்த அழுத்தம், சர்க்கரை உள்ளவர்களைப் பெயர் சொல்லி அறிந்தவர்; அவர்களுக்கு முதலில் சொன்னால் அது நல்ல மருத்துவம். அதே செய்தி வார்டில் செல்வாக்குள்ள ஒருவர் காதுக்கு முதலில் போனால் அது வேறு. கொங்கு மாவட்டங்களில் கட்சிக்காரர்கள் டோக்கனை முன்கூட்டியே வாங்கி வேண்டியவர்களுக்குக் கொடுத்தார்கள் என்ற புகார் அந்த மாதங்களில் திரும்பத் திரும்ப எழுந்தது; அங்கங்கே வாக்குவாதமும் மறியலும் நடந்தன. தேர்தல் முடிந்து ஆட்சி மாறிய சமயம் என்பதால் புகாரில் அரசியல் கலந்திருக்கும். என்றாலும், புகாரை நிரூபிக்கவும் மறுக்கவும் யாரிடமும் ஏடு இல்லை என்பதே இங்கே கவனிக்க வேண்டியது. ஓடிபிக்கு ஒரு தடயம் இருக்கிறது. எத்தனை மணிக்கு யார் கேட்டார், கிடைத்ததா இல்லையா என்று கணினி சொல்லும். டோக்கனுக்கு அது கிடையாது.

இங்கேதான் இணையம் இல்லாதவர் விடுபட்டார் என்ற இரண்டாவது தடம் போதாமல் போகிறது. டோக்கனும் ஒரு முன்பதிவு. அதற்கும் தகவல் வேண்டும், நேரம் வேண்டும், முந்தும் வலு வேண்டும். தெரிந்தவர் இருந்தால் நல்லது. கோவின் கேட்ட ஆங்கிலமும் இணையமும் இங்கே தேவையில்லை, அவ்வளவுதான். அதற்குப் பதிலாக இது உடம்பைக் கேட்டது: இரவு முழுக்க நிற்கும் உடம்பு. கைக்குழந்தைக்காரிக்கும் எழுபது வயதுக்காரருக்கும் அது இல்லை. சுகாதாரத் துறை வைத்திருந்த படிவங்களில் வந்த டோஸ், போட்ட டோஸ், வீணான டோஸ் எல்லாவற்றுக்கும் இடம் இருந்தது. டோக்கன் கிடைக்காமல் திரும்பியவருக்கு இடம் இல்லை. மூன்று முறை வந்து திரும்பி நான்காவது முறை வராமல் விட்டவர், பின்னர் வீடு வீடாக நடந்த கணக்கெடுப்பில் ‘போட்டுக்கொள்ளாதவர்’. அவரைத் தயக்கக்காரர் பட்டியலில் சேர்க்கப் பேனா தயங்குவதில்லை.

தனியார் மருத்துவமனை என்ற மூன்றாவது வாசலும் இருந்தது. ஜூன் மாத விலைக் கட்டுப்பாட்டின்படி கோவிஷீல்டு 780 ரூபாய், கோவாக்சின் 1,410 ரூபாய். அங்கே அழைப்பு உடனே வரும். ஒரு டோஸுக்கு ஒரு ஷிப்ட் சம்பளத்தைவிடக் கூடுதலாகக் கொடுக்க முடிந்தவர் போனார்.

6. எண்பத்து நான்கு நாள்

கோவிஷீல்டின் இரண்டாம் டோஸ் முதலில் 4 முதல் 6 வாரத்தில் என்றார்கள். மார்ச்சில் 8 வாரம்வரை போகலாம் என்றார்கள். மே 13 அன்று 12 முதல் 16 வாரம் என்றார்கள். ‘84 நாள்’ என்ற எண் ஊர்ப்பேச்சில் நுழைந்தது அதற்குப் பிறகுதான். மாற்றத்துக்கு அறிவியல் காரணம் சொல்லப்பட்டது. மருந்துப் பற்றாக்குறையும் அதே மாதம்தான் என்பதால் மக்கள் தாமாக ஒரு காரணம் ஊகித்துக்கொண்டார்கள். ஏற்கெனவே ஒரு தேதியை அட்டையில் எழுதி வாங்கியவர்கள் அந்தத் தேதிக்கு வந்து, நாள் ஆகவில்லை என்று திருப்பி அனுப்பப்பட்டார்கள். கணினி 84க்கு முன் ஏற்காது. நர்ஸம்மா நினைத்தாலும் முடியாது. அழைத்துவிட்டுத் திருப்பி அனுப்பும் இந்த அனுபவம் ஒரு முறை நேர்ந்தால் அடுத்த அழைப்பின் எடை குறைந்துவிடுகிறது.

இந்த இடத்தில் கோவினுக்குச் சேர வேண்டிய பாராட்டைச் சொல்லிவிட வேண்டும். திருப்பூரில் முதல் டோஸ் போட்டுக்கொண்டு ஊரடங்கில் பீகார் போனவரால் அங்கேயே இரண்டாம் டோஸ் போட்டுக்கொள்ள முடிந்தது; பதிவு தொடர்ந்தது. இந்தியப் பொதுச் சுகாதாரத்தில் ஒருவரின் ஏடு மாநில எல்லை தாண்டி அவரோடு நகர்ந்தது இதற்குமுன் அநேகமாக இல்லை. இடம்பெயரும் தொழிலாளிக்கு அது சிறிய வசதியன்று. எனது குறை அந்தத் தளம் ஏடாக இருந்ததைப் பற்றியது இல்லை. அது வாசலாகவும் இருந்ததைப் பற்றியது.

7. ஞாயிறும் சனியும்

2021 செப்டம்பர் 12, ஞாயிற்றுக்கிழமை, தமிழகத்தில் முதல் மெகா முகாம். 40,000 இடங்கள், 20 லட்சம் டோஸ் இலக்கு. போடப்பட்டது 28 லட்சத்துக்கும் மேல். பள்ளி, அங்கன்வாடி, பேருந்து நிறுத்தம் என்று ஊசி மக்கள் இருக்கும் இடத்துக்கு வந்தது. ஆட்டோவில் மைக் கட்டி அறிவித்தார்கள். டோக்கனும் இல்லை, ஓடிபி போராட்டமும் இல்லை; ஆதாரும் ஏதாவது ஒரு போன் எண்ணும் போதும். மருந்து வரத்து சீரானதுதான் முதல் காரணம். அடுத்த காரணம் ஞாயிறு. ஒரு மாதம் தொடர்ந்து ஐந்து ஞாயிறுகள் முகாம் நடந்தது.

ஆறாவது முகாம் அக்டோபர் 23, சனிக்கிழமைக்கு மாறியது. ஊசி போட்டால் கறி சாப்பிடக் கூடாது, குடிக்கக் கூடாது என்று நம்பி ஞாயிற்றுக்கிழமை வராமல் இருக்கிறார்கள், அதனால் சனிக்கிழமை என்றார் சுகாதாரத் துறை அமைச்சர் மா. சுப்பிரமணியன். மக்களின் பழக்கத்தை மதித்து நாளை மாற்றிய இந்த முடிவு பரவலாகப் பாராட்டப்பட்டது, கொஞ்சம் சிரிப்போடும். பனியன் வட்டாரத்துக்கு அது எதிராக வேலை செய்திருக்க வேண்டும் என்று நினைக்கிறேன். இங்கே சனிக்கிழமை வேலை நாள், அதிலும் சம்பள நாள். கணக்கு முடித்துக் கையில் பணம் வரும்வரை யாரும் லைனை விட்டு எழமாட்டார்கள். ஞாயிற்றுக்கிழமை கறி எடுத்தாலும், காலையில் ஊசி போட்டுவிட்டு வந்து குழம்பு கொதிக்கவைக்கலாம் என்று ஒருவரைச் சம்மதிக்க வைக்க முடியும்; சனிக்கிழமை சம்பளத்தை விடு என்று சொல்ல முடியாது. மாநிலம் முழுவதற்கும் ஒரு நாள் என்ற முடிவு, எந்தத் தொழில் எந்த நாளில் மூச்சு விடுகிறது என்பதைப் பார்க்கவில்லை.

8. புதன்கிழமை

கொரோனா விதிவிலக்கான காலம், அதை வைத்து எதையும் தீர்மானிக்கக் கூடாது என்ற மறுப்பு நியாயமானது. ஆகவே விதியாக இருப்பதையும் பார்க்கலாம். தமிழகத்தில் குழந்தைகளுக்குத் தடுப்பூசி என்றால் புதன்கிழமை. யாரும் முன்பதிவு செய்வதில்லை. கர்ப்பம் பதிவானதும் மாநிலத்தின் தாய்-சேய் பதிவுத் தளமான பிக்மியில் 12 இலக்க ஆர்சிஎச் எண் வந்துவிடுகிறது. பிறப்புச் சான்றிதழுக்கும் அந்த எண் வேண்டும். குழந்தைக்கு எந்த வாரம் என்ன ஊசி என்பது செவிலியரின் ஏட்டில் இருக்கும். வராவிட்டால் செவிலியரோ அங்கன்வாடி ஊழியரோ வீட்டுக்கு வந்து, “பாப்பாவுக்கு ஊசி போட வரலியா அம்மணி?” என்று கேட்பார். நாள் நிலையானது, அழைப்பவர் தெரிந்தவர், இடம் பக்கம். மூன்றும் சேர்ந்தால் முன்பதிவு என்ற சொல்லுக்கே வேலை இல்லை.

மூன்றில் ஒன்றை எடுத்துவிட்டால் என்ன ஆகும் என்பதற்கும் தமிழக வரலாற்றிலேயே சான்று உண்டு. 2008 ஏப்ரலில் திருவள்ளூர் மாவட்டத்தில் தட்டம்மை ஊசி போட்டபின் 4 குழந்தைகள் இறந்தன. அதன்பின் துணை சுகாதார நிலையங்களிலும் கிராமங்களிலும் செவிலியர் ஊசி போடுவது நிறுத்தப்பட்டு, மருத்துவர் இருக்கும் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு மட்டும் என்று மாறியது. பழைய முறை திரும்பச் சில ஆண்டுகள் ஆயின. புதன்கிழமை அப்படியே இருந்தது, அழைக்கும் செவிலியரும் இருந்தார். இடம் மட்டும் தள்ளிப் போனது. தேசியக் குடும்பநல ஆய்வுகளில் தமிழகத்தில் முழுமையாகத் தடுப்பூசி பெற்ற குழந்தைகளின் விகிதம் 2005-06இல் 80.9 சதவீதம், 2015-16இல் 69.7, 2019-21இல் 89.2. நடுவில் விழுந்த பள்ளத்துக்கு இந்த இடமாற்றம் ஒரு காரணம் என்று கூறப்படுகிறது. அட்டை இல்லாமல் தாய் நினைவிலிருந்து சொன்ன பதில்கள், தனியார் மருத்துவமனைக்குப் போனவர்கள் என்று வேறு காரணங்களும் உண்டு. எல்லாப் பழியையும் இதன் மேல் போட முடியாது. ஆனால் தமிழகத் தாய்மார்கள் அந்தப் பத்தாண்டில் மட்டும் தடுப்பூசி மீது திடீரென்று நம்பிக்கை இழந்தார்கள் என்று யாரும் வாதிடவில்லை.

ராஜஸ்தான் உதய்ப்பூர் மாவட்டத்தில் அபிஜித் பானர்ஜி, எஸ்தர் டுஃப்லோ குழுவினர் நடத்தி 2010இல் வெளியிட்ட ஆய்வு இதே திசையில் இன்னொரு சான்று. எதுவும் செய்யாத கிராமங்களில் முழுத் தடுப்பூசி பெற்ற குழந்தைகள் 6 சதவீதம். சொன்ன நாளில் தவறாமல் முகாம் நடந்த கிராமங்களில் 18. முகாமோடு ஒரு கிலோ பருப்பும் தந்த கிராமங்களில் 39. பருப்பைப் பற்றித்தான் எல்லாரும் பேசுகிறார்கள். போனால் நிச்சயம் ஊசி உண்டு என்ற உறுதி மட்டுமே விகிதத்தை மூன்று மடங்காக்கியது என்பது எனக்குப் பருப்பைவிட முக்கியமாகப் படுகிறது.

9. எதிர்ச் சான்று

என் வாதத்துக்கு எதிராகவும் வலுவான சான்று உண்டு. 2022இல் மூன்றாவது ஊசியான முன்னெச்சரிக்கை டோஸ் வந்தபோது அழைப்பு முறை ஏறக்குறைய குறையற்றது. யாருக்கு நாள் ஆகிவிட்டதோ அவருக்குக் கோவின் தானாகக் குறுஞ்செய்தி அனுப்பியது. மருந்துத் தட்டுப்பாடு இல்லை, வரிசை இல்லை. அந்த ஆண்டு ஜூலை 15 முதல் 75 நாட்களுக்கு 18 வயதைக் கடந்த அனைவருக்கும் அரசு மையங்களில் இலவசம். இருந்தும் இரண்டாம் டோஸ் போட்டவர்கள் இந்தியாவில் 95 கோடி என்றால் மூன்றாவது போட்டவர்கள் சுமார் 22 கோடிதான். அழைப்பு சரியாக இருந்தும் வேண்டாம் என்று நினைத்தவர்கள் வரவில்லை. ஆக மனம் என்ற ஒன்று இல்லாமல் இல்லை. தயக்கத்தைப் பேசுபவர்கள் இதை எடுத்துக்காட்டலாம்.

ஆனால் இரண்டையும் பிரித்தறிய நமக்கு வழி கிடைப்பதும் இங்கேதான். 2022இல் வாசல் திறந்திருந்தது; வராதவர் விரும்பாதவர் என்று துணிந்து சொல்லலாம். 2021 ஜூனில் வாசல் பாதி மூடியிருந்தது; வராதவரைப் பற்றி அப்படிச் சொல்ல ஆதாரமில்லை. நினைவூட்டல் குறித்து 10 நாடுகளின் 75 ஆய்வுகளைத் தொகுத்த 2018ஆம் ஆண்டின் காக்ரேன் மதிப்பாய்வு, கடிதம், அழைப்பு, குறுஞ்செய்தி போன்றவை தடுப்பூசி விகிதத்தைச் சுமார் 8 சதவீதப் புள்ளி உயர்த்துவதாகக் கண்டது. லாஸ் ஏஞ்சலிஸில் கலிபோர்னியா பல்கலைக்கழக மருத்துவமனை அமைப்பில் நடந்து 2021இல் ‘நேச்சர்’ இதழில் வந்த ஆய்வில், ஒரே ஒரு குறுஞ்செய்தி முன்பதிவை 6 புள்ளியும் ஊசி போட்டவர் விகிதத்தை 3.6 புள்ளியும் கூட்டியது. இந்த எண்களை நம் ஊருக்கு அப்படியே எடுத்துவர முடியாது. அங்கே செய்தியைப் பெற்றவர் அதிலுள்ள இணைப்பைத் தொட்டால் இடம் கிடைத்தது. முன்பதிவு செய்ய முடிகிற இடத்தில்தான் நினைவூட்டல் வேலை செய்யும். மருந்து வந்ததா என்று தெரியாத சுகாதார நிலையத்திலிருந்து வரும் நினைவூட்டல், அலைச்சலுக்கு விடுக்கும் அழைப்பு.

10. யு-வின்

கோவினின் வழித்தோன்றலான யு-வின் 2023 ஜனவரியில் 65 மாவட்டங்களில் வெள்ளோட்டம் கண்டது. கர்ப்பிணிகள், குழந்தைகளின் தடுப்பூசிப் பதிவு முழுவதையும் நாடு தழுவிய ஒரே தளத்தில் கொண்டுவருவது நோக்கம். பெற்றோர் தாமே பதியலாம், நாள் குறிக்கலாம், நினைவூட்டல் வரும், மின்சான்றிதழ் கிடைக்கும். பனியன் வட்டாரத்தில் இது யாருக்கு உதவும் என்று நினைக்கும்போது முதலில் தோன்றுவது வெளிமாநிலத் தொழிலாளர் குடும்பங்கள்தான். ஜார்க்கண்டில் பிறந்து, ஆறாம் மாதத்தில் பெற்றோரோடு குன்னத்தூர் வரும் குழந்தைக்குப் பிக்மி எண் கிடையாது. அதன் அட்டை ஊரில் பாட்டியிடம் இருக்கும், அல்லது ரயிலில் தொலைந்திருக்கும். எந்த ஊசி போட்டது, எது பாக்கி என்று செவிலியருக்குச் சொல்ல அந்தத் தாய்க்கு மொழியும் இல்லை. நாடு முழுக்க ஒரே ஏடு என்றால் கைப்பேசி எண்ணைத் தட்டியதும் விவரம் வந்துவிடும்.

ஆனால் அந்தக் குழந்தையைச் செவிலியர் எப்படிக் கண்டுபிடிப்பார் என்பதைத் தளம் தீர்க்காது. கம்பெனி விடுதியில் குடும்பமாகத் தங்க இடமில்லாதவர்கள் தோட்டத்துச் சாளைகளிலும் வரிசை வீடுகளிலும் வாடகைக்கு இருக்கிறார்கள். ஆறு மாதத்துக்கு ஒரு முறை வீடு மாறுகிறார்கள். தாயும் தந்தையும் இருவரும் எட்டரைக்கு வேன் ஏறுகிறார்கள். புதன்கிழமை பகலில் குழந்தையோடு வீட்டில் இருப்பது பக்கத்து வீட்டுக்காரரோ, எட்டு வயது அக்காவோ. இந்த வீட்டுக்கு ஞாயிற்றுக்கிழமை காலை ஒரு அமர்வும், கம்பெனி பட்டியலைப் போல வரிசை வீட்டுக்காரரிடமிருந்து வாங்கிய ஒரு பட்டியலும் வேண்டும். இரண்டுக்கும் தளம் தேவையில்லை. தேவைப்படுவது ஞாயிற்றுக்கிழமை வரும் செவிலியருக்கு வார நாளில் ஈடு விடுப்பும், அன்றைக்குப் பக்கத்துத் துணை நிலையத்தைப் பார்த்துக்கொள்ள இன்னொருவரும்.